எண்பது வெள்ளிக்கு ஒரு ஸ்டார் டிரெக் பெட்டி

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் போன மாதம் ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதையின் முதல் டிவி தொடர், டிவிடி பெட்டியாகக் கிடைத்தது. மூன்று சீசன், 79 பகுதிகள். நூறு வெள்ளி சொன்னார்கள். பேரம் பேசி எண்பதுக்கு முடித்தேன். ஒரு தட்டிலும் கீறல் இல்லை என்று கடைத் தம்பி அடித்துச் சொன்னான். வீட்டில் போட்டுப் பார்த்தால் கடைசி சீசனில் ஒரு தட்டு பாதியில் நின்றுவிடுகிறது. திருப்பிக் கொண்டுபோனேன். "பழசு இப்படித்தான் இருக்கும் லா, ஆண்ட்டி" என்றான். சரி, போகட்டும்.

அதில் வரும் கூர்க்காது வேற்றுக்கிரகக்காரர் ஸ்பாக்கின் காதைப் பார்க்க நான் இதை வாங்கவில்லை. அதற்குக் கதை எழுதிய டி.சி. ஃபொன்டானா என்ற பெயருக்காக வாங்கினேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வெளியே அந்தப் பெயரைக் காணோம். பகுதி தொடங்கும்போது ஓடும் எழுத்தில்தான் பிடிக்க வேண்டும்.

டி.சி. என்றால் டோரதி கேத்தரின். தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரியிடம் காரியதரிசியாக இருந்தவர். பெண் எழுதியது என்று படிக்கும் முன்பே முடிவு கட்டிவிடுவார்கள் என்பதால் வெறும் எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார். நான் 29 வருடம் தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட். துரை கையெழுத்துப் போட்ட கடிதங்களில் பாதி என் வாசகம். எனக்கு யாரும் இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் சீசனில் 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' வேறொருவர் எழுதியது; சரிவரவில்லை. திருத்திக் கொடுத்தால் கதை ஆசிரியர் வேலை, அதாவது எல்லாருடைய கதைகளையும் திருத்திச் சீராக்கும் வேலை, உனக்கு என்றார் ரோடன்பெரி. கப்பலில் வேலை செய்யும் சூலுவுக்கு இருந்த காதலைத் தூக்கி ஸ்பாக்குக்கு வைத்தார் ஃபொன்டானா. அவ்வளவுதான், கதை நிமிர்ந்துவிட்டது. உணர்ச்சியே காட்டாத அந்த ஆள் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிச் சிரிக்கிறார்! வேலையும் கிடைத்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை.

ஆனால் எண்பது வெள்ளியும் தகும் என்றால் அது இரண்டாம் சீசனின் 'ஜர்னி டு பேபல்' ஒன்றுக்கே. 1967இல் வந்தது. ஸ்பாக்கின் அப்பா, அம்மா முதல்முறை வருகிறார்கள். அப்பாவும் மகனும் சரியாகப் பேசி 18 வருடம். அப்பாவுக்கு மகனின் ரத்தம் வேண்டும். மகனோ கப்பல் பொறுப்பை விட்டு வர மாட்டேன் என்கிறான். அம்மா பளார் என்று ஒன்று வைக்கிறாள். அந்த அம்மாவும் அப்பாவும் பொது இடத்தில் கை கோத்துக்கொள்வதில்லை; இரண்டு விரலை நீட்டித் தொட்டுக்கொள்கிறார்கள். அதை மட்டும் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். அண்ணன் பால்மரம் வெட்ட மாட்டேன் என்று சிங்கப்பூருக்குப் போனபோது எங்கள் அப்பா 11 வருடம் பேசவில்லை. லயத்து வீட்டில் நடந்ததை விண்வெளிக் கப்பலில் வைத்து எழுதியிருக்கிறார் இந்த அம்மாள்.

படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடாது, ஆங்கிலம்தான். 1973இல் ஃபொன்டானா கதை ஆசிரியராக இருந்த ஸ்டார் டிரெக் கார்ட்டூன் தொடர் இந்தப் பெட்டியில் இல்லை, தனியாகத் தேட வேண்டும். 2019இல் தன் 80ஆவது வயதில் காலமானார்.

மூன்றாம் சீசனுக்கு முன்பே கதை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார். பிறகு எழுதிக் கொடுத்த ஒரு கதையில் கப்பல் மருத்துவர் டாக்டர் மெக்காயின் மகள் வருவாள். அதை அடையாளம் தெரியாமல் மாற்றினார்கள். தன் பெயரை எடுத்துவிட்டு மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்று போடச் சொல்லிவிட்டார். என் வீட்டில் பாதியில் நிற்கும் தட்டில் இருப்பது அந்தப் பகுதிதான். கடைக்காரத் தம்பியை மன்னித்துவிட்டேன்.