ஆன்லைன் போர்ட்டலில் தேக்கு சைஸ் மரம் (கேட்ட அளவுக்கு அறுத்த மரம்) வாங்குகிற பெங்களூரு பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு: ரூ. 2,98,125 போச்சு

மைசூர் ரோடு டிம்பர் யார்டில் விலை கட்டுப்படியாகவில்லை என்று ஆன்லைன் மொத்த வியாபாரப் போர்ட்டல் பக்கம் போகிற நம்ம ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள். ரூ. 2,98,125. அட்வான்ஸ் அல்ல, முழுத்தொகை. மரம் வந்து பட்டறையில் கிடக்கிறது, ஒரு கதவு நிலைக்குக்கூட ஆகாது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர்கள் வேண்டாம். எப்படி அளப்பது, எப்படிப் பணம் கொடுப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஆர்டர் இதுதான். கனகபுரா ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்டுக்கு 60 கதவு நிலை. நாலு இன்ச் பிளாக் சுவர், இரு பக்கமும் அரை அரை இன்ச் பூச்சு, ஆக சுவர் 5 இன்ச். இழைத்து முடித்தபின் நிலை 5க்கு 2½ நிற்கவேண்டும். நாலு முகமும் இழைத்தால் கால் இன்ச் போய்விடும் என்பதால் அறுப்பு அளவு 5¼க்கு 2¾. ஒரு நிலைக்கு 7 அடியில் இரண்டு கால், 3½ அடியில் ஒரு மேல்கட்டை. மொத்தம் 180 கட்டை, 1,050 ஓட்ட அடி. அகலம், கனம் இன்ச்சில், நீளம் அடியில் பெருக்கி 144ஆல் வகுத்தால் 105.27 கனஅடி. கானா தேக்கு, கில்ன் டிரை (சூளையில் உலர்த்தியது), கனஅடி ரூ. 2,400. வரி 18 சதவீதம் சேர்த்துத்தான் அந்த 2,98,125. லாரி வாடகை தனி.

போர்ட்டலில் விற்ற மர மில் குஜராத்தில், காந்திதாம் பக்கம். போன் எடுத்தவன் தமிழில் பேசினான். "அண்ணே, நமக்கும் தூத்துக்குடிதான், நம்ம ஆளுக்குக் கெட்ட சரக்கு அனுப்புவேனா?" வீடியோ காலில் அடுக்கைக் காட்டி, ஒரு கட்டையில் டேப் வைத்து 5¼ காட்டினான். ஈரமானியைக் குத்தி 11 சதவீதம் காட்டினான். போர்ட்டலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'வெரிஃபைடு' என்று பச்சை டிக். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் ஆக்டிவ். பணமும் அவன் கணக்குக்கு நேராகப் போகவில்லை. 'பேமென்ட் புரொடெக்‌ஷன்' என்று போர்ட்டல் பிடித்துவைத்திருந்தது. இத்தனைக்கும் மேல் ஒருவன் எதைப் பார்த்து நம்புவான்?

லாரி வந்தது. 5க்கு 2½. ஒன்றிரண்டு கட்டை அல்ல, 180ம். பிளேடு விலகினால் கட்டைக்குக் கட்டை மாறும். இது அளவை வைத்து அறுத்தது. அந்த அளவுக்குக் கணக்கு 91.15 கனஅடிதான். 14.12 கனஅடி காணோம், வரியோடு ஏறக்குறைய 40,000 ரூபாய். இழைத்தால் 4¾க்கு 2¼ ஆகிவிடும், சுவர் கால் இன்ச் வெளியே நிற்கும். பில்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஈரம் அதைவிட மோசம். முகத்தில் ஊசி குத்தினால் 12, 13 காட்டுகிறது. முனையிலிருந்து ஒரு அடி உள்ளே அறுத்து, புது முகத்தின் நடுவில் குத்தினால் 24, 26. வெயிலில் போட்டால் மேல்தோல் மட்டும் காயும், ஊசி அதைத்தான் படிக்கும். மீட்டர் பொய் சொல்கிறது என்று வாதம் வரும் என்பதால் துண்டு வெட்டி ஓவன் அடுப்பில் 103 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை வைத்தது: 250 கிராம் 200 ஆனது. குறைந்த 50ஐ உலர்ந்த எடை 200ஆல் வகுத்தால் 25 சதவீதம். கதவு வேலைக்கு 12க்குள் வேண்டும். இதை அப்படியே மாட்டினால் ஆறு மாதத்தில் மூட்டு வாய் பிளக்கும், கால் வளையும்.

அப்புறம் நிறம். துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தால் பழுப்பு துணியில் வருகிறது, கீழே வெள்ளை. வைரம் பாயாத அந்த வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும், துளைப்பூச்சிக்கு அதுதான் தீனி. அதை மறைக்கத்தான் சாயம்.

மில்காரனின் முதல் பதில்: "5க்கு 2½தானே கேட்டீங்க." அப்படியானால் பில்லில் 105.27 எப்படி வந்தது? அடுத்த பதில்: "வரும் வழியில் மரம் சுருங்கியிருக்கும்." இதைக் கேட்டுத்தான் ரத்தம் கொதித்தது. தேக்கு பச்சையிலிருந்து சொட்டு ஈரம் இல்லாமல் உலரும்வரை எந்தப் பக்கம் அளந்தாலும் 5, 6 சதவீதம்தான் சுருங்கும். 2¾ என்பது 2½ ஆனால் 9 சதவீதம். அதுவும் உள்ளே 25 சதவீத ஈரத்தை வைத்துக்கொண்டு! ஈரம் 28, 30க்குக் கீழே இறங்கினால்தான் சுருக்கமே ஆரம்பிக்கும். அதற்குமேல் பதில் இல்லை. அடுத்த ஆர்டரில் 5 கனஅடி சேர்த்து அனுப்புவானாம். இப்போது போன் செய்தால் வேறொருவன் இந்தியில், அந்தத் தமிழ் ஆள் வேலையை விட்டுவிட்டார் என்கிறான்.

போர்ட்டல் கதை இன்னும் அழகு. லாரி ரசீதை மில்காரன் ஏற்றியதுமே 'டெலிவரி' ஆகிவிட்டதாம், 2,98,125ஐயும் விடுவித்துவிட்டார்கள். பச்சை டிக் ஜிஎஸ்டி எண்ணையும் போன் நம்பரையும் சரிபார்த்ததற்கு மட்டும்தானாம், சரக்குக்கு இல்லையாம். நேற்று புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது?

வரியிலும் அடி. 14ஆம் தேதி வந்த ஜிஎஸ்டி 2பி-யில் (விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) இந்த பில்லையே காணோம், கட்டிய வரிக்கு வரவேண்டிய 45,477 ரூபாய் கிரெடிட் தொங்குகிறது. நுகர்வோர் கோர்ட் என்று யோசித்தால், வியாபாரத்துக்கு வாங்கியவன் 2019 சட்டப்படி நுகர்வோர் இல்லை. சுயதொழில் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு, ஆள் வைத்து நடத்தும் பட்டறைக்கு அது பொருந்துமா என்பது வக்கீல்கள் சண்டை. சிவில் வழக்கு என்றால் பில் அடியில் பொடி எழுத்தில் 'காந்திதாம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது'.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், வக்கீல் நோட்டீஸ் வேலை இருக்கிறது, சுருக்கமாக: லாரி ரசீதைப் பார்த்துப் பணம் விடுவிக்கும் போர்ட்டலே வேண்டாம். ஆர்டரில் 'உலர்ந்தபின் உள்ள அறுப்பு அளவு, குறைந்தபட்சம்' என்று எழுதி வாங்குங்கள். கட்டைவாரி டேலி ஷீட் (ஒவ்வொரு கட்டையின் அளவும் எழுதிய பட்டியல்) இல்லாமல் மீதிப் பணம் கிடையாது. இறக்கும் முன்பே பத்து கட்டை அளந்து, குறைவை லாரி ரசீதிலேயே எழுதி டிரைவர் கையெழுத்து வாங்குங்கள். மீட்டரை வெட்டிய முகத்தில் மட்டும் குத்துங்கள், வீடியோவில் குத்துவதை நம்பாதீர்கள். மரம் தேக்குதானா என்றே சந்தேகம் வந்தால் மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் ஐ.டபிள்யூ.எஸ்.டி. என்ற மத்திய அரசின் மர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, துண்டு கொடுத்தால் இனம் சோதித்துச் சொல்வார்கள். தமிழில் பேசினான் என்பதற்காக ஒரு ரூபாயும் போடாதீர்கள்.