மார்பில் மின்னும் பதக்கம் உண்மையா? செயிண்ட் லூயிஸ் பதிவு மையத்தின் சேவை: ஒரு மதிப்பாய்வு

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பலர் துப்பாக்கிப் பயிற்சி, உடற்பயிற்சித் திட்டம், புரதப் பொடி, தலைமைப் பண்பு வகுப்பு என்று ஏதாவது விற்கிறார்கள். வாங்குகிறவர் நம்புவது பொருளை அல்ல, அந்த ஆள் சொல்லும் போர்க்கதையையும் பதக்கத்தையும்தான். அவற்றைச் சோதித்துப் பார்க்க ஓர் அரசுச் சேவை இருக்கிறது. மிசௌரி மாநிலம் செயிண்ட் லூயிஸில், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்கும் தேசியப் பணியாளர் பதிவு மையம் அதை நடத்துகிறது. மெதுவான சேவை, ஆனால் நம்பகமானது. சரியாகக் கேட்டால்தான் சரியான பதில் வரும்.

அங்கே எழுதுவதற்கு முன் இணையப் பட்டியல்களைப் பார்த்துவிட வேண்டும். பாதுகாப்புத் துறையின் வீரப்பதக்கத் தளம் 2012 ஜூலையில் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்வரெஸ் வழக்கில் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது. சேவியர் ஆல்வரெஸ் கலிஃபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரிய உறுப்பினர். படையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் தனக்குக் கிடைத்ததாக வாரியக் கூட்டத்தில் சொன்னார். பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. பதக்கம் பெற்றவர்களை அரசே பட்டியலிட்டு வெளியிட்டால் பொய் தானாக அம்பலமாகும் என்ற யோசனையும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

தளம் இலவசம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு மெடல் ஆஃப் ஹானர், டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ், நேவி கிராஸ், ஏர் ஃபோர்ஸ் கிராஸ், சில்வர் ஸ்டார் ஆகியவற்றைப் பெற்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பாதுகாப்பு, தனியுரிமைக் காரணங்களுக்காகச் சில பெயர்கள் விடப்பட்டிருக்கலாம். பெரிய குறை வேறு. சமூக ஊடகத்தில் அதிகம் ஊதிப் பெருக்கப்படுபவை 'வி' பட்டையுள்ள (துணிவைக் குறிக்கும் V என்ற எழுத்துச் சின்னம்) பிரான்ஸ் ஸ்டாரும், போரில் காயமடைந்தவருக்கும் இறந்தவருக்கும் தரப்படும் பர்ப்பிள் ஹார்ட்டும். இரண்டும் அங்கே இல்லை. பழைய போர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் சொசைட்டியின் முழுப் பட்டியலும், மிலிட்டரி டைம்ஸ் என்ற படைத்துறை இதழின் இணையத் தொகுப்பான ஹால் ஆஃப் வேலரும் உதவும். பின்னதில் சில்வர் ஸ்டார் பட்டியல் முழுமையானது அல்ல. பர்ப்பிள் ஹார்ட்டுக்கு அரசின் முழுப் பட்டியலே கிடையாது. நியூயார்க் மாநிலம் நியூ விண்ட்சரில் உள்ள நினைவகத்தின் ஏடு, பெற்றவரோ குடும்பமோ விரும்பிப் பதிவு செய்தால்தான் நிரம்பும். அதில் பெயர் இல்லாதது எதற்கும் சான்றாகாது.

அதனால்தான் செயிண்ட் லூயிஸ் வரை போக வேண்டியிருக்கிறது. மூன்றாம் நபரும் கேட்கலாம். படைப் பதிவு கேட்பதற்கான எஸ்எஃப்-180 படிவத்தை நிரப்பியோ சாதாரணக் கடிதமாகவோ அனுப்பலாம். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் நம் ஊர் ஆர்டிஐ போன்றது. அதன் கீழ் கேட்பதாக முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். வீரரின் முழுப் பெயர் (நடுப்பெயரோடு), படை, பணியாற்றிய உத்தேச ஆண்டுகள், தெரிந்தால் பிறந்த தேதி, இவை அவசியம். பெயர் பொதுவானதாக இருந்து நடுப்பெயரும் பிறந்த தேதியும் இல்லாவிட்டால், ஆளை அடையாளம் காண முடியவில்லை என்று கோரிக்கை திரும்பி வரும். பெரும்பாலான கோரிக்கைகள் சறுக்குவது இங்கேதான்.

'எல்லா ஆவணங்களும் வேண்டும்' என்று கேட்கக் கூடாது. பதவி நிலை, பணித் தேதிகள், பணியிடங்கள், படைக் கல்வி, பதக்கங்கள் ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வீரரின் ஒப்புதல் இல்லாமல் தரக்கூடியவை ஏறத்தாழ இவைதான். மருத்துவக் குறிப்பு கிடைக்காது, டிடி-214 என்ற பணி விடுவிப்புச் சான்றின் நகலும் கிடைக்காது. பதிலாக ஒரு சுருக்கத் தாள் வரும், அதற்குக் கட்டணம் இல்லை. பணி முடிந்து 62 ஆண்டுகள் ஆன கோப்புகள் மட்டும் முழுமையாகத் திறந்தவை. அவற்றுக்கு 5 பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர். இன்னும் பணியில் இருப்பவரைப் பற்றி இங்கே கேட்பது வீண். அவரவர் படையின் பணியாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தரைப்படைக்கு அது கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கிறது. எஸ்எஃப்-180 படிவத்திலேயே முகவரி அட்டவணை உண்டு.

வேகத்தில் மதிப்பெண் குறைகிறது. கொரோனா காலத்தில் ஆட்கள் வராமல் தேங்கிய கோரிக்கைகள் 6 லட்சத்தைத் தாண்டின. 2024 தொடக்கத்தில்தான் அந்தத் தேக்கம் தீர்ந்தது. சட்டம் சொல்வது 20 வேலை நாள். அதற்குள் வரும் என்று நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

பதில் வந்தபின் படிக்கத் தெரிய வேண்டும். பிரான்ஸ் ஸ்டார் போர்க்களத்தில் காட்டிய துணிவுக்கும் தரப்படும், போர்ப் பகுதியில் செய்த நல்ல பணிக்கும் தரப்படும். துணிவுக்கு என்றால் 'வி' பட்டை பதிவில் இருக்கும். வெறும் பிரான்ஸ் ஸ்டாரை வைத்துத் துப்பாக்கிச் சண்டைக் கதை சொல்பவரிடம் கேள்வி கேட்க வேண்டியது இந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான். அதேபோல், தரைப்படையில் காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் காலாட்படையினருக்கும் சிறப்புப் படையினருக்கும் உரியது. மற்றவர்கள் எதிரியோடு மோதியிருந்தால் காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் பெறலாம். அது 2005-ல் வந்தது. ரேஞ்சர் பள்ளியில் தேறியவர் வேறு, 75-ஆவது ரேஞ்சர் ரெஜிமெண்டில் பணியாற்றியவர் வேறு. முதலாவது கல்வி வரியில் தெரியும், இரண்டாவது பணியிட வரியில் தெரியும். 'என் கோப்பு முழுக்க ரகசியம்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். ஒரு நடவடிக்கை ரகசியமாக இருக்கலாம், ஆனால் ஒருவர் படையில் இருந்த தேதியும் பதவி நிலையும் அதோடு மறைந்துவிடாது.

பதிவேடும் தவறும். இந்த மையத்தில் 1973 ஜூலை 12-ல் நடந்த தீவிபத்தில், 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்து போயின. கடற்படை ஸ்னைப்பர் கிறிஸ் கைலின் விடுவிப்புச் சான்றில் 2 சில்வர் ஸ்டார், 6 பிரான்ஸ் ஸ்டார் என்று இருந்தது. கடற்படை 2016-ல் ஆராய்ந்து 1 சில்வர் ஸ்டார், 4 பிரான்ஸ் ஸ்டார் என்று திருத்தியது. எனவே ஒருவர் காட்டும் டிடி-214 படமே இறுதி ஆதாரம் அல்ல. மறுபக்கம் மேரிலாந்து ஆளுநர் வெஸ் மூர். 2006 விண்ணப்பம் ஒன்றில் பிரான்ஸ் ஸ்டார் பெற்றதாக எழுதியிருந்தார், அப்போது அது அவருக்கு முறைப்படி வழங்கப்பட்டிருக்கவில்லை. 2024-ல் விஷயம் வெளியானபோது, கிடைத்துவிடும் என்று மேலதிகாரி சொன்னதால் எழுதியதாக விளக்கி, தவறை ஒப்புக்கொண்டார். மேலதிகாரியும் அதை உறுதிப்படுத்தினார். அந்த டிசம்பரில் பதக்கம் வழங்கப்பட்டது. ஆகவே பதிலில் ஒரு பதக்கம் இல்லையென்றால், 'பதிவில் இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். 'பொய்யர்' என்று எழுத அந்தத் தாள் போதாது.

சட்டத்திடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. 2013-ல் வந்த புதிய சட்டப்படி, பணமோ பொருளோ வேறு ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு குறிப்பிட்ட சில பதக்கங்களைப் பெற்றதாக ஏமாற்றினால்தான் குற்றம், அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. பர்ப்பிள் ஹார்ட் அந்தப் பட்டியலில் உண்டு, பிரான்ஸ் ஸ்டார் இல்லை. கதை சொல்லிப் பின்தொடர்பவர்களைச் சேர்ப்பது ஆதாயமா என்பது வாதத்துக்குரியது, கட்டண வகுப்பு விற்பது அப்படியல்ல. உயிரைக் கொடுத்து ஒருவர் பெற்ற பதக்கத்தை இன்னொருவர் விளம்பரப் பலகையாக்குவதைச் சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. அதைக் கேட்கும் வேலை பார்வையாளர்களிடமே விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் 'வி' பட்டையுள்ள பிரான்ஸ் ஸ்டாருக்கும் அரசு பொதுப் பட்டியல் வெளியிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

இலவசம் என்பதற்கும் பதிலின் நம்பகத்துக்கும் இந்தச் சேவைக்கு ஐந்தில் நான்கு தரலாம். கட்டண வகுப்பில் சேரும் எண்ணம் இருந்தால் பணம் கட்டும் முன் கோரிக்கையை அனுப்பிவிடுங்கள். பதிலை வெளியிடுவதானால் பிறந்த தேதியையும் படை எண்ணையும் மறைத்துவிட்டு வெளியிடுங்கள்.