ஏ9இல் விரைவதா, வன்னியைச் சுற்றுவதா: நண்பன் வரும் ஒரு கிழமைக்கு மூன்று திட்டங்கள்

தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்து பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பக்கத்தில் இருந்து படித்தவன் இந்த வைகாசியில் முதல் தடவையாக இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிக்கு வருகிறான். 1990இல், ஒன்பது வயதில், தலைமன்னார்ப் பக்கம் படகேறி அந்தக் கரைக்குப் போனவன் நான். 2003இல் திரும்பி வந்தேன். அவன் ராமநாதபுரத்துக்காரன், இப்போது அங்கே தமிழாசிரியர். "ஏழு நாள் லீவு போட்டிருக்கேன்டா, நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன்" என்றான்.

நான் வவுனியாவில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். தோட்டம், வயல் என்று வன்னியின் நாலு பக்கமும் போய் வருவதுதான் என் தொழில். வழி தெரியாத ஊர் குறைவு. ஆனாலும் ஏழு நாளை எப்படிப் பிரிப்பது என்று மூன்று கிழமையாக யோசித்தேன். கொப்பியில் மூன்று திட்டம் எழுதி, இரண்டை வெட்டினேன். வெட்டியதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் இருந்து ஆட்களை எதிர்பார்க்கும் மற்றவர்களுக்கும் அது உதவலாம்.

எப்போது வருவது என்பதில் பெரிய தெரிவு இருக்கவில்லை. என்னைக் கேட்டால் மாசி மாதம்தான் சொல்வேன். குளங்கள் நிரம்பியிருக்கும், காலபோக நெல் வெட்டுக்கு நிற்கும், மன்னாரில் வங்காலைப் பக்கத்து உவர்நிலங்களில் பூநாரை கூட்டம் கூட்டமாக நிற்கும். ஆசிரியருக்கு மாசியில் யார் லீவு தருவார்கள்? மார்கழி விடுமுறை என்றால் இங்கே மாரி. வாய்க்கால் எது, வீதி எது என்று தெரியாமல் வெள்ளம் நிற்கும். மிஞ்சியது மே மாதம். வெயில் கொளுத்தும், பூநாரை இருக்காது. ஆனால் மாதக் கடைசிக்கு வந்தால் இரண்டு விஷயம் கிடைக்கும்: வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலும் பாலைப்பழமும். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் கீழே சிறுபோகப் பயிரும் பச்சையாக நிற்கும். எனக்கு அது பம்பு வேலை கழுத்து வரை இருக்கும் காலம். பரவாயில்லை, ஒரு கிழமை கடையைத் தம்பி பார்ப்பான்.

வரும் வழியும் சுலபமாக முடிந்தது. சென்னையில் இருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. ஆனால் 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ராமநாதபுரத்துக்காரனுக்குக் கிட்ட. கொழும்பில் வந்து இறங்கினால் வவுனியாவுக்கே 250 கிலோமீற்றர், போக ஒரு நாள் வர ஒரு நாள் வீண். கப்பலில் வந்தால் வடக்கில் இருந்து வன்னிக்குள் இறங்கலாம். இந்த ஒரு முடிவுதான் பிறகு எல்லாத் திட்டத்தையும் மாற்றிப் போட்டது.

முதல் திட்டம், எல்லோரும் செய்வது: யாழ்ப்பாணம்–கண்டி வீதியான ஏ9 வழியே நேராக இறங்குவது. ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், ஓமந்தை, வவுனியா. அப்புறம் அநுராதபுரம், கண்டி என்று தெற்கே போய்விடுவது. வீதி நல்ல வீதி, கடை, சாப்பாடு, பெற்றோல் எதற்கும் குறையில்லை. ஏழு நாளில் அரை இலங்கையைக் காட்டிவிடலாம். ஆனால் வன்னிக்குக் கிடைப்பது ஒரு பகல்தான். அந்தப் பகலில் அவன் காண்பது வீதியோரக் கடைகளும், தூரத்தில் காடும், முறிகண்டிப் பிள்ளையாரும். வன்னி அந்த வீதியில் இருந்து கிழக்கேயும் மேற்கேயும் கிடக்கிறது. ஏ9 அதைக் குறுக்காகப் பிளந்துகொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடும் பாதை. எங்கள் ஊரைப் பார்க்க என்று கடல் தாண்டி வருகிறவனை அதில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது திட்டம் என் மனைவியுடையது. "வீட்டை தங்காமல் லொட்ஜிலையோ படுக்கிறது? அந்தாளுக்கு ஒரு கிழமையும் நான் சமைச்சுக் குடுப்பன்" என்றாள். வவுனியாவில் எங்கள் வீட்டில் தங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு திசைக்குப் போய் இரவு திரும்புவது. இதை இலேசாகத் தள்ள முடியவில்லை. செலவு குறைவு, உடுப்புத் தோய்க்கலாம், வீட்டுச் சாப்பாடு. அவன் குடும்பத்தோடு வந்தால், சின்னப் பிள்ளைகள் இருந்தால், நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மன்னார் ஏறத்தாழ 80 கிலோமீற்றர், தலைமன்னார் என்றால் இன்னும் 30. முல்லைத்தீவுக்கு மாங்குளம் வழியாகப் போனால் நூறுக்குக் கிட்ட. போய் வர இருநூறு. தினமும் நாலைந்து மணித்தியாலம் காருக்குள்ளேயே. அதைவிடப் பெரிய குறை, இருட்டு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுக் காடு எல்லாம் யானை இறங்கும் இடங்கள். ஆறு மணிக்குப் பிறகு அந்த வீதிகளில் நான் தனியாகவே ஓடுவதில்லை. அப்படியானால் நாலு மணிக்கே திரும்ப வேண்டும். குளக்கட்டில் வெயில் தணிந்து, மாடுகள் தண்ணீருக்கு இறங்கி, காற்றுக் குளிர்ந்து வருகிற அந்த ஒரு மணித்தியாலம் ஒரு நாளும் கிடைக்காது. வன்னியில் பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

மூன்றாவது திட்டம் ஒரு வளையம். காங்கேசன்துறையில் அவனை ஏற்றிக்கொண்டு ஆனையிறவு தாண்டிப் பரந்தனில் இடப்பக்கம் திரும்புவது. விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு, 50 கிலோமீற்றர் அளவு. முள்ளியவளையில் சித்தி வீட்டில் மூன்று இரவு. நாலாம் நாள் ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம் என்று வன்னியைக் கிழக்கில் இருந்து மேற்கே குறுக்காக வெட்டி மன்னார். அங்கே மூன்று இரவு. ஏழாம் நாள் ஏ32 வீதியில் பூநகரி வந்து, சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் ஏறிக் கப்பலுக்கு. மொத்தம் சுமார் 500 கிலோமீற்றர். ஏழு நாளுக்கு அது சின்ன ஓட்டம். ஏ9இல் நாங்கள் இருப்பது தொடக்கத்திலும் மாங்குளச் சந்தியிலும்தான்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். மல்லாவி தாண்டினால் கடைகள் ஐதாகிவிடும், தண்ணீரும் பெற்றோலும் முதலே நிரப்ப வேண்டும். முல்லைத்தீவில் தங்குமிடம் குறைவு, பொங்கல் நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. சித்தி வீடு இல்லாவிட்டால் நானும் கிளிநொச்சியில்தான் அறை பார்த்திருப்பேன். உறவு இல்லாதவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

சரி, கிழக்கா மேற்கா, ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால்? அவனும் இதைக் கேட்டான். நேர்மையாகச் சொன்னால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

கிழக்கு, காடும் குளமும் வயலும். முத்தையன்கட்டின் கீழே நான் பம்பு பூட்டிக் கொடுத்த வயல்கள் இருக்கின்றன. வரம்பில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டால் வன்னி என்ன என்று விளங்கும். கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் இடம் இருக்கிறது. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன், அதே வருடம் ஒக்டோபர் 31இல் வெள்ளைக்காரக் கப்டன் ஒருவனிடம் தோற்ற இடம் அது. தோற்கடித்தவர்களே கல் நட்டு எழுதி வைத்தார்கள். அந்த எழுத்தால்தான் நாளும் இடமும் எங்களுக்கு மிஞ்சின.

வற்றாப்பளைதான் அவனுக்காகக் கிழக்கில் நான் பிடித்து வைத்திருப்பது. மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து பத்தாவது இடமாகத் தங்கினாள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதனால் வந்த பத்தாப்பளை என்ற பெயர்தான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். வைகாசித் திங்களில் வரும் பொங்கலுக்கு முன்பே கடல் நீர் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கெரிப்பார்கள். பக்கத்தில் நந்திக்கடல். வகுப்பில் இருபது வருடமாகக் கண்ணகி கதை சொல்லும் ஒருவன் அந்தச் சனத்துக்குள் நின்று பார்க்க வேண்டும்.

நந்திக்கடலுக்கு அந்தப் பக்கம் முள்ளிவாய்க்கால். அங்கே போக வேண்டும் என்று அவனே கேட்டான். அதை எந்தத் திட்டத்திலும் "பார்க்கும் இடம்" என்று நான் எழுதவில்லை. 2009 மே மாதத்தில் தங்கள் ஆட்களை இழந்தவர்கள் அந்த ஊரைச் சுற்றி இன்றும் இருக்கிறார்கள். காலையில் போய், நினைவு முற்றத்தில் ஒரு பூவை வைத்து, சத்தமில்லாமல் நின்றுவிட்டு வருவோம். படம் எடுப்பதில்லை. அன்று வேறு எங்கேயும் போவதுமில்லை. இன்னொன்று: சிவப்புப் பலகையில் கண்ணிவெடி என்று போட்ட இடம் எதுவானாலும், பாதையை விட்டு ஒரு அடி வைக்கக் கூடாது. அவனிடம் இதை மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

மேற்கு வேறு. அங்கே வானம் பெரிது. கட்டுக்கரைக் குளத்தின் கட்டு, மடுமாதா கோயிலைச் சுற்றிய காட்டு நிழல், அரிப்பு என்ற ஊரில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ஆங்கிலேய ஆளுநரின் பழைய மாளிகை. மன்னார்த் தீவுக்குள் போனால் சந்தைப் பக்கம் கழுதைகள். பள்ளிமுனையில் பெருக்க (பேயோபாப்) மரம். அடி 19 மீற்றருக்கு மேல் சுற்றளவு, பத்துப் பன்னிரண்டு பேர் கைகோர்க்க வேண்டும். வைகாசியில் சோழகக் காற்று வீசி மணல் கண்ணில் அடிக்கும். கிழக்கைவிட இங்கே தங்குவதும் சாப்பிடுவதும் சுகம். மன்னார் நண்டுக்கறிக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் தடவை வரும் யாருக்கும் ஒரு பக்கம்தான் நேரம் என்றால் மேற்கைச் சொல்வேன். வழி சுலபம், வெயிலைத் தவிர வேறு சிரமமில்லை. அவனுக்கு மேற்கு இன்னொரு காரணத்தாலும் வேண்டும். திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சம்பந்தர் ராமேஸ்வரத்தில் நின்று கடலுக்கு இப்பால் பார்த்தே பாடினார் என்பது மரபு. அந்தக் கரையில் இருந்து பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் கோயிலின் பாலாவித் தீர்த்தக் கரையில் நின்று அதைப் பாடட்டும். எனக்கு அது கேட்க வேண்டும்.

இடையில் வரும் மல்லாவிப் பாதையைத்தான் எல்லோரும் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். பெயரைக் கேட்டு வவுனியாவில் தேடும் வவுனிக்குளம் இந்த வழியில்தான் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் வீதியோரம் பாலைப்பழம் வைத்துக்கொண்டு பொடியன்கள் நிற்பார்கள், சொப்பிங் பையில் அளந்து தருவார்கள். வேப்பம்பழம் அளவு, மஞ்சள். வாயில் போட்டதும் தேன் மாதிரி இனிக்கும், ஒரு கை தின்பதற்குள் பால் பிடித்து இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது. தேங்காய் எண்ணெய் பூசித் தேய்க்க வேண்டும். காருக்குள் ஒரு சின்னப் போத்தல் வைத்தாயிற்று.

வாகனம்? அவனுக்கு மோட்டார் சைக்கிளில் சுற்ற ஆசை. எனக்கும் அதுதான் பழக்கம், குளக்கட்டில் அதைவிட நல்ல வாகனமில்லை. ஆனால் வைகாசி வெயிலில், இரண்டு பேரும் தலைக்கவசத்தோடு, பையும் கட்டிக்கொண்டு 500 கிலோமீற்றர், இந்த வயதில் வேண்டாம். சாரதியோடு வான் பிடித்தால் களைப்பில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஜேர்மனியில் இருந்து வந்த உறவினருக்காக ஒரு வான் பிடித்தோம். அந்தச் சாரதி தனக்குப் பழக்கமான கடைகளில்தான் நிறுத்தினார், ஒழுங்கைக்குள் திருப்பச் சொன்னால் முகம் மாறியது. குளத்துக்குப் போகாமலே திரும்பினோம். ஆறேழு பேர் என்றால் வான்தான் சரி. இரண்டு பேருக்கு வேண்டாம். பஸ் மலிவு, ஆனால் வெள்ளாங்குளப் பக்கம் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். ஓட்டோவுக்குச் சட்டப்படியே மணிக்கு 40 கிலோமீற்றர்தான். கடைசியில் மனைவியின் தம்பியின் சின்னக் காரைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். முள்ளியவளையில் சித்தியின் மகனுடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது, குளக்கட்டுக்கு அது போதும். ஓட்டுவது நான் மட்டும்தான். இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே அப்படியே ஓட முடியாது, தனி அனுமதி எடுக்க வேண்டும்.

மனைவிக்கு மட்டும் இன்னும் மனக்குறை இருந்தது. பொங்கலுக்கு அவளும் பிள்ளைகளும் முள்ளியவளைக்கு வருகிறார்கள், அங்கே இரண்டு நாள் சமையல் அவளுடையது. முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் போகக் கூடாது என்று அம்மா சொன்னார். மாங்குளத்தில் இருந்து அரை மணித்தியாலம் வடக்கே போய், உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

கிழக்கு முதலா மேற்கு முதலா என்பது மட்டும் இழுபட்டது. மேற்கை முதலில் வைத்தால் கடைசி நாள் பரந்தன் வழி இலகு. ஆனால் அவன் ஒன்று கேட்டான்: "நீ படகேறின இடத்தைக் கடைசியா காட்டுடா. அங்கேர்ந்து அப்படியே ஊருக்குப் போயிடறேன்." 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையை என்னால் காட்ட முடியும். அங்கிருந்து 30 கிலோமீற்றரில் அவன் கரை. நான் ஏறிய இடம் எனக்குத் தெரியாது. இரவு, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு இடம் தெரியும். முகாமில் எங்களோடு சேர்த்து அவனுக்கும் சோறு போட்டவர் அவர்தான். ஆறாம் நாள் காலை பஸ்ஸில் மன்னாருக்கு வருகிறார். பஸ் நிலையத்தில் போய் ஏற்ற வேண்டும்.