ஃபேஷியல் அறைக்குள் டிரையர் சத்தம்: ஃபோமா, கதவா, சுவரா?

சத்தம் என்று பேச்சு வந்தாலே பியூட்டி பார்லர் நடத்துபவர்கள் முதலில் விசாரிப்பது ஃபோம்தான். கறுப்பாக, பிரமிடு பிரமிடாகப் புடைத்துக்கொண்டு, ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதுதான். சுவர் முழுக்க ஒட்டிவிட்டால் ஹாலில் ஓடும் ஹேர் டிரையர் ஃபேஷியல் அறைக்குள் கேட்காது என்று ஒரு நம்பிக்கை. வாங்காதீர்கள் என்பேன். அறைக்குள் எழும் சத்தம் சுவரில் மோதி எதிரொலிப்பதை அது குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அதற்கு எடை கிடையாது. போதாததற்கு, மலிவான ஃபோம் சுலபமாகத் தீப்பிடிக்கும். வேக்ஸ் ஹீட்டரும் ஸ்டீமரும் ஓடுகிற சின்ன அறையில் அதை நாலு பக்கமும் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெல்வெட் திரையும் ஏறக்குறைய இதே கதைதான், பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர.

சத்தம் நிற்க இரண்டு வேண்டும்: எடை இருக்க வேண்டும், இடுக்கு இருக்கக் கூடாது. பலரும் முதலாவதற்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள்.

கதவை எடுத்துக்கொள்வோம். 7 அடிக்கு 3 அடிக் கதவு. கீழே முக்கால் இன்ச் இடைவெளி. கணக்குப் போட்டால் அந்த இடைவெளி கதவின் பரப்பில் கிட்டத்தட்ட 1 சதவீதம். கதவு தேக்காக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும், 1 சதவீதம் திறந்திருந்தால் அதிகபட்சம் சுமார் 20 டெசிபல்தான் தடுக்கும். டிரையர் பக்கத்தில் நின்றால் 80 டெசிபலுக்கு மேல் வரும். முகத்தில் பேக் போட்டு, கண்ணில் பஞ்சு வைத்துப் படுத்திருப்பவருக்கு மிச்சம் வருகிற சத்தமே போதும், திடுக்கிட.

கண்ணாடிக் கதவா, மரக் கதவா என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் எதிர்பாராதது. 12 எம்எம் டஃபன்ட் கிளாஸ் சதுர மீட்டருக்கு 30 கிலோ. உள்ளே காலியான ஃபிளஷ் டோரைவிட நல்ல கனம். அதனால் கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது. அதைச் சுற்றி விடும் சந்துதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஷவர் கதவுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டியை ஓரங்களில் மாட்டினாலே வித்தியாசம் தெரியும். ஆனாலும் புதிதாகப் போடுபவர்களுக்கு என் ஓட்டு, உள்ளே கட்டை நிரப்பிய சாலிட் ஃபிளஷ் டோருக்குத்தான். நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பீடிங், அடியில் கதவை மூடும்போது தானாக இறங்கும் சீல். பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கதவு மட்டும் வேண்டவே வேண்டாம். இடம் மிச்சமாகும், சரி; ஆனால் அதைச் சுற்றி ஒழுங்காக அடைக்கவே முடியாது.

செலவு செய்யும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, வெளியிலிருந்து ஒருவரைக் கதவோரமாக மொபைல் டார்ச்சை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் சத்தமும் வருகிறது.

அப்புறம் சுவர். வாடகைக் கடைகளில் பெரும்பாலும் ஒற்றைப் பிளைவுட் பார்ட்டிஷன்தான். அதை எடுத்துவிட்டு நாலரை இன்ச் செங்கல் சுவர் எழுப்பலாம், நன்றாகவே தடுக்கும். ஆனால் பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் எடை. மாடிக் கடையில் ஸ்லாப் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்காமல் கட்டக் கூடாது. அதற்கு முன் ஓனர் சம்மதிக்க வேண்டும். இதற்கு மாற்று ஜிப்சம் போர்டு: இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடுக்கு, நடுவில் 50 எம்எம் ராக்வுல் (கல்லை உருக்கிச் செய்யும் பஞ்சு), ஓரமெல்லாம் இடுக்கை அடைக்கும் சீலன்ட். எடை செங்கல் சுவரில் கால் பங்குகூட வராது. பேச்சுக்கும் டிரையருக்கும் செங்கலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாட்டில் ‘தும் தும்’ என்று வரும் பாஸ் சத்தத்துக்கு மட்டும் செங்கல்தான் மேல். ராக்வுலுக்குப் பதிலாகத் தெர்மக்கோலைத் திணித்து ஆசாரி வேலையை முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மக்கோல் வெப்பத்துக்குத்தான், சத்தத்துக்கு உதவாது.

எந்தச் சுவராக இருந்தாலும் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால் பணம் வீண். சீலிங்குக்கு மேலே ஸ்லாப் வரை காலியாகக் கிடக்கும் இடம் வழியாக ஹால் சத்தம் ஏறி இந்தப் பக்கம் இறங்கும். சீலிங் டைல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னும் சில இடங்களில் ஹால் ஏசியின் காற்று வரட்டும் என்று பார்ட்டிஷன் உச்சியில் வேண்டுமென்றே ஒரு அடி விட்டிருப்பார்கள். இங்குதான் உண்மையான சிக்கல். அதை அடைத்தால் அறை புழுங்கும். தனி ஏசி வேண்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது என்பதால், ஸ்டீமர் ஓடும் அறைக்குக் காற்றோட்ட வழியும் வேண்டும். ஹால் பக்கம் எக்ஸாஸ்ட் வைத்தால் மறுபடி ஓட்டை. வெளிச்சுவர் பக்கம் வையுங்கள். வழியில்லை என்றால் உள்ளே சத்தம் உறிஞ்சும் பஞ்சு வைத்த வளைந்த டக்ட் (காற்றுக் குழாய்) போடுங்கள். ஆக, ஜிப்சம் கொட்டேஷனையும் ஏசி கொட்டேஷனையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டுக்கும் கட்டுப்படியாகவில்லை என்றால் கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே திறந்திருக்கும் வரை அந்தக் கதவும் அரைப் பலன்தான் தரும், தெரிந்தே செய்யுங்கள்.

ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும் ஒயிட் நாய்ஸ் மெஷின் இவற்றோடு போட்டி போடும் சரக்கு அல்ல. ரிசப்ஷனில் யாரோ கல்யாணப் பேக்கேஜுக்குப் பேரம் பேசுவது காதில் விழாமல் மழுப்ப அது கெட்டிக்காரத்தனமான வழி. படுத்திருப்பவரைப் பேச்சு அதிகம் தொந்தரவு செய்வதே அதன் வார்த்தைகள் புரிவதால்தான். உள்ளே பேசும் தோல் பிரச்சினை வெளியே புரியாமல் இருக்க வேண்டுமானால், இன்னொன்றைக் கதவுக்கு வெளியே வைக்கலாம். டிரையரை அதை வைத்து மூட நினைத்தால் அதுவே இன்னொரு டிரையர் ஆகிவிடும். அறைக்குள் புல்லாங்குழல் இசை வைப்பதும் அப்படித்தான்: ஹாலில் குத்துப்பாட்டு ஓடும்போது இரண்டும் கலந்து எரிச்சலைத்தான் கிளப்பும்.

அந்தக் குத்துப்பாட்டு ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல பார்லர்களில் அதை ஃபேஷியல் அறையின் பார்ட்டிஷனிலேயே ஸ்குரூ போட்டு மாட்டியிருப்பார்கள். பலகை முழுக்க அதிர்ந்து பாஸ் நேராக உள்ளே போகும். கழற்றி எதிர்ப்பக்கச் செங்கல் சுவரில் மாட்ட எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. மேலே சொன்ன எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்யலாம்.