ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் தேடும் புது ஜோடிகள் கவனத்துக்கு

பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) கிடைத்து டொரண்டோ பக்கம் வரக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் வருபவர்கள், வாடகை வீட்டுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்கார்பரோவில் எங்களுக்கு பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டு, வாங்கக் கூடாத பணத்தையும் வாங்கிய அதே மனிதர், அதே பேச்சைப் பேசி, இன்னொரு தம்பதியையும் அந்த வீட்டில் வைத்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரியவந்தது.

நாங்கள் ஜனவரியில் திருச்சியிலிருந்து வந்தோம். இங்கே எங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு மூலமாகத்தான் இந்த பேஸ்மென்ட் அமைந்தது. வீட்டுக்காரரும் தமிழர்தான். என் கணவரைத் தம்பி என்றும் என்னைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். "ஏர்போர்ட்டுக்கு நானே வந்துடறேன். சின் நம்பர், ஹெல்த் கார்டு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க பெட்டியோட வந்தா போதும்மா" என்றார். (சின் என்பது வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண், ஹெல்த் கார்டு என்பது அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை.) மாத வாடகை 1,600 டாலர். முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து 3,200. அதற்கு மேல் டேமேஜ் டெபாசிட் 800, சாவிக்கு 300, மேலே சொன்ன உதவிகளுக்கு 'செட்டில்மென்ட் பேக்கேஜ்' என்று 450. இந்த மூன்றும் கேஷாகத்தான் வேண்டுமாம்.

இதில் அவர் சட்டப்படி முழுதாக வாங்கக்கூடியது அந்த 3,200 மட்டும்தான். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் டேமேஜ் டெபாசிட் வாங்கவே கூடாது. 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கடைசி மாத வாடகையைத் தவிர வேறு முன்பணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சாவிக்கு மட்டும் தனியாக வாங்கலாம், ஆனால் புதுச் சாவி செய்ய என்ன ஆகுமோ அவ்வளவுதான். போகும்போது அதையும் திருப்பித் தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு 800 டாலர் நியாயமான தொகையாகத்தான் தெரியும். அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

பேக்கேஜ் கதை இன்னும் மோசம். சின் நம்பர் தரும் சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகத்தில் எங்களை வரிசையில் நிற்க வைத்துவிட்டு அவர் காரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டையும் லேண்டிங் பேப்பரையும் (பி.ஆர். உறுதிச் சான்று) பார்த்துவிட்டு, சின் நம்பர் அச்சிட்ட தாளை அப்போதே கையில் கொடுத்துவிட்டார். கட்டணம் எதுவும் இல்லை. ஹெல்த் கார்டும் அப்படித்தான், இலவசம். வெளியே வந்ததும் "லீஸுக்கு வேணும்" என்று சொல்லி அந்தத் தாளைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். சின் நம்பரை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லவே இல்லை. அது தவறான ஆளிடம் போனால் உங்கள் பெயரில் கடன் வாங்கிவிடலாம். பணம் போனதைவிட எனக்கு இதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்களான ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை பதிந்து வைத்திருக்கிறோம்.

லீஸுக்கு என்று சொல்லி சின் தாளைப் படம் எடுத்தாரே, அந்த லீஸ் வரவே இல்லை. "அடுத்த வாரம் தரேன்" என்பார், அடுத்த வாரமும் அதையே சொல்வார். ஹெல்த் கார்டுக்குப் போனால் ஒன்டாரியோவில்தான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. கடைசியில் தபாலில் வந்த வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் அந்த வேலை முடிந்தது.

அப்புறம் குளிர். தெர்மோஸ்டாட் மாடியில், அவர் வீட்டு ஹாலில் இருந்தது. கீழே ராத்திரியில் ஸ்வெட்டர், சாக்ஸ், மேலே இரண்டு கம்பளி என்று படுத்தாலும் என் கணவருக்கு இருமல் நிற்கவில்லை. கேட்டால், "ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்று பதில். ஒருநாள் படுக்கையறையில் சூடான காற்று வர வேண்டிய வென்ட்டின் மூடியை என் கணவர் திருப்புளி வைத்துக் கழற்றினார். உள்ளே பழைய கார்பெட் துண்டைச் சுருட்டி அடைத்து, மேலே சாம்பல் நிற டேப் ஒட்டியிருந்தது. டேப் ஓரத்தில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் இப்படித்தான் நடுங்கியிருக்க வேண்டும். சின்ன ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தோம். உடனே ஹைட்ரோ பில் (இங்கே கரண்ட் பில்லை அப்படித்தான் சொல்வார்கள்) ஏறுகிறது என்று வீட்டுக்காரர் தனியாகப் பணம் கேட்டார்.

டொரண்டோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் நகராட்சியின் 311 எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். கொடுப்போம் என்று சொன்னதும் குரல் மாறியது. "ஒரே வீட்ல குடும்பம் மாதிரி இருக்கோம், போர்டு கீர்டெல்லாம் உங்களுக்குச் செல்லாது" என்றார். போர்டு என்று அவர் சொன்னது, வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர் இடையிலான வழக்குகளை விசாரிக்கும் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டை. இதை நன்றாகக் கவனியுங்கள். வீட்டு உரிமையாளரோடு கிச்சனையோ பாத்ரூமையோ பகிர்ந்துகொண்டால் வாடகைச் சட்டம் உண்மையாகவே பொருந்தாது. ஆனால் எங்கள் கிச்சன், பாத்ரூம் இரண்டும் தனி. எங்கள் ஃபிரீசரில் அவர் மீன் பொட்டலம் வைத்துவிட்டுப் போனதெல்லாம் கிச்சனைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று காட்டத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

புதிதாக வருபவர்களுக்கு உதவ அரசுப் பணத்தில் இலவச செட்டில்மென்ட் மையங்கள் இருக்கின்றன. அங்கே இருந்தவர் எங்களைச் சமூகச் சட்ட மையத்துக்கு அனுப்பினார், அதுவும் இலவசம். அவர்கள் சொன்னபடி முதலில் லீஸ் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். 2018 ஏப்ரல் 30 முதல் அரசின் பொது லீஸ் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். எழுத்தில் கேட்டு 21 நாளில் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கலாம். சட்டவிரோதமாக வாங்கிய பணத்தைக் கேட்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டில் டி1 படிவம் போடலாம், அதற்கு ஓராண்டு அவகாசம். கேஷுக்கு ரசீது இல்லாவிட்டாலும், 800, 300, 450 என்று அவரே கணக்குச் சொன்ன வாய்ஸ் மெசேஜ் எங்களிடம் பத்திரமாக இருந்தது. அந்த மெசேஜ் இருப்பது அவருக்குத் தெரிந்ததும் டெபாசிட்டும் சாவிப் பணமும் திரும்பி வந்தன. பேக்கேஜ் பணம் 450 இன்னும் வரவில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் காலி செய்துவிட்டோம்.

அவருடைய விளம்பரம் இன்னும் குழுக்களில் சுற்றுகிறது: "தமிழ் ஃபேமிலிக்கு மட்டும், ஏர்போர்ட் பிக்கப் உண்டு, எல்லா பேப்பர் வேலையும் செய்து தரப்படும்". பார்த்தால் முதலில் லீஸ் படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள், பணத்தை இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கி வழியாக ஆன்லைனில்) மட்டும் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், அந்தச் சட்ட மையத்துக்குப் போகும் வழியைச் சொல்கிறேன்.