முனையூட்டு ஆன்டெனா: அரை அலையா, ஏதோ ஒரு நீளமா?

ஹாம் ரேடியோவில் ஒரே கம்பியை அதன் ஒரு முனையில் ஊட்டி, பல பேண்டுகளில் (அலைவரிசைப் பகுதிகளில்) இயக்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள்.

முதலாவது, அரை அலைக் கம்பி. 40 மீட்டர் பேண்டுக்குச் சுமார் 20 மீட்டர் நீளம். முனையில் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். 49:1 டிரான்ஸ்ஃபார்மர் அதை ரேடியோவுக்குத் தேவையான 50 ஓமுக்கு அருகே இறக்குகிறது. ஃபெரைட் வளையத்தில் ரேடியோ பக்கம் 2 சுற்று, ஆன்டெனா பக்கம் 14 சுற்று, அவ்வளவுதான். 20, 15, 10 மீட்டர் பேண்டுகளிலும் பெரும்பாலும் ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் கருவி) இல்லாமலே ஓடும். ஆனால் 100 வாட் கொடுத்தால் ஊட்டு முனையில் 500 வோல்ட்டோ அதற்கு மேலோ ஏறும். கை எட்டும் உயரத்தில் கட்டாதீர்கள். வளையம் சுட்டால் சக்தி அங்கேயே வீணாகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, 9:1 அன்அன் (மின்மறுப்பை ஒன்பதில் ஒன்றாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்த ஒத்ததிராக் கம்பி. 'ஏதோ ஒரு நீளம்' என்பது பேச்சுக்குத்தான். எந்த பேண்டிலும் அரை அலையின் மடங்காக வராத நீளம் வேண்டும். 12.5 மீட்டர் பலருக்குச் சரிவரும். ட்யூனர் கட்டாயம், எதிர்க்கம்பியும் (மின்னோட்டம் திரும்ப வழிதரும் இன்னொரு கம்பி) வேண்டும். இல்லாவிட்டால் கோஆக்ஸின் (ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளின்) வெளியுறையே ஆன்டெனாவாகி மைக்கைத் தொட்டாலே சுரீரென்கும்.

20 மீட்டர் இழுக்க இடமிருந்தால் நான் யோசிக்காமல் முதலாவதைத்தான் கட்டுவேன். இடம் குறைவு, ட்யூனர் கையில் இருக்கிறது என்றால் இரண்டாவது. எதுவானாலும் கோஆக்ஸில் ஒரு சோக் (வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போட்டுவிடுங்கள்.