டிராகுனோவா, எம்24-ஆ?

ஸ்னைப்பர் துப்பாக்கி, அதாவது மறைந்திருந்து தொலைவில் குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி, என்றதும் "எது துல்லியம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். சோவியத்தின் டிராகுனோவையும் அமெரிக்காவின் எம்24-ஐயும் அந்த ஒரு கேள்வியால் எடைபோடுவது அநியாயம். யாருடைய கையில், யாரோடு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

துல்லியம் மட்டும்தான் கணக்கென்றால் எம்24 ஜெயிக்கும். 1988-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட இதன் அடிப்படை, ரெமிங்டன் 700 என்ற வேட்டைத் துப்பாக்கி. கனமான குழல், கட்டையில் எங்கும் உரசாமல் நிற்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் தாழை, கையால் தூக்கி, இழுத்து, தள்ள வேண்டும். சுடும் கணத்தில் உள்ளே வேறெதுவும் ஓடாது. காலித் தோட்டா எப்போது வெளியே வர வேண்டும் என்பதும் சுடுபவர் முடிவு. பதுங்கிக் கிடப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

டிராகுனோவ் 1963-இல் வந்தது. சுட்ட தோட்டாவின் வாயுவே பிஸ்டனைத் தள்ளி அடுத்ததை ஏற்றிவிடும்; மேகசினில் 10. வடிவமைத்த யெவ்கெனி டிராகுனோவ் போட்டித் துப்பாக்கிகள் செய்து பழகியவர். பெருவிரல் நுழையத் துளைவிட்ட அந்த மரக் கட்டையில் அவர் கைப்பழக்கம் தெரிகிறது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்தே சுமார் 4.3 கிலோதான், எம்24 ஸ்கோப் இல்லாமலே 5 கிலோவைத் தாண்டும். டிராகுனோவின் முனையில் கத்தி மாட்டவும் இடமுண்டு. ஸ்னைப்பருக்கு எதற்குக் கத்தி? அவர் பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவோடு சேர்ந்து ஓடுகிறவர், அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிஎஸ்ஓ-1 ஸ்கோப். வெறும் 4 மடங்கு உருப்பெருக்கம். உள்ளே இடதுபக்கம் கீழே ஒரு படுக்கைக் கோடு, அதன்மேல் சரிந்து இறங்கும் ஒரு வளைகோடு. எதிரே நிற்பவரின் கால் படுக்கைக் கோட்டில் இருக்க, தலை வளைகோட்டை எங்கே தொடுகிறது என்று பார்த்தால் போதும். 6 என்ற இடத்தில் தொட்டால் 600 மீட்டர். 1.7 மீட்டர் உயர ஆளுக்கான அளவு அது. எம்24-இன் 10 மடங்கு ஸ்கோப்பில் தூரம் அறிய, ஆள் எத்தனை புள்ளி உயரம் என்று எண்ணி, அவர் உயரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பக்கத்தில் துணையாள் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். ஓட்டத்தின் நடுவே முடியுமா?

டிராகுனோவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கவசம் துளைக்கும் தீத் தோட்டாவையும் சுட வேண்டும் என்று தோட்டாவைச் சுழலவைக்கும் குழலின் உட்புரியைப் பின்னாளில் ஒரு சுற்றுக்கு 320 மில்லிமீட்டரிலிருந்து 240-க்கு நெருக்கினார்கள். அதில் துல்லியம் கொஞ்சம் போனது.

அப்புறம் நடந்தது சுவாரசியம். அமெரிக்கா, அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் எம்110 துப்பாக்கியைச் சேர்த்தது. ரஷ்யா போல்ட்டை இழுக்கும் எஸ்வி-98-ஐச் செய்தது. நெடுங்காலம் டிராகுனோவை நம்பிய இந்திய ராணுவமும், காவல்நிலைகள் எதிரெதிரே நிற்கும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு பின்லாந்தின் சாக்கோ டிஆர்ஜி-42-ஐ வாங்கியது. அதுவும் கையால் போல்ட் இழுப்பதுதான்.